ஆரபி கேட்ட முகடு

கைத்தொலைபேசி அடித்தபோது அருந்தவன் காரின் பின்கதவைத் திறந்துவைத்து முதுகுப்பையின் வார்களை இறுக்கிக்கொண்டிருந்தான். திரையில் மனைவி சங்கரியின் பெயர். மெல்பேர்ன் பக்கம் கிரான்பர்ன் வீட்டில் அவள் இந்நேரம் குசினி யன்னலருகே தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பாள். மகள் ஆரபி கொஞ்சம் தள்ளி, மலைத்தடம் தொடங்கும் இடத்திலிருந்த பலகைக்குப் பக்கத்தில், ஒரு காலைக் கல்லில் ஊன்றிச் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் மாத இலையுதிர்காலக் காலை. ஹாரியட்வில் கிராமத்துப் புகைபோக்கிகளிலிருந்து வந்த புகை மேலே எழும்ப மனமில்லாததுபோல் கூரைகளிலேயே படிந்து கிடந்தது. பள்ளத்தாக்கைச் சுற்றி நின்ற மலைகளின் உச்சியை மட்டும் வெயில் தொட்டிருந்தது.

"எழும்பிட்டியளோ? அங்க குளிரே?"

"பரவாயில்லை. வெயில் வரும்போலதான் கிடக்கு."

"பிள்ளை சாப்பிட்டவளோ?"

"ஓம். ஓட்ஸ்."

"முழுக்கவோ?"

"பாதிக்கு மேல."

சங்கரி மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அந்த மூச்சு நிம்மதியா கவலையா என்று கடந்த ஒரு வருடமாக அவனால் பிரித்தறிய முடிந்ததில்லை. "ஆத்தங்கரையாலதானே நடக்கப் போறியள்? மேடு ஒண்டும் ஏறாதேங்கோ. டொக்டர் சொன்னது ஞாபகம்தானே?"

"ஓம், ஆத்தங்கரையாலதான்," என்றான் அருந்தவன்.

அவன் சொன்னது ஆரபிக்குக் கேட்டிருக்கும். நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். நிமிரவில்லை.

ஆரபிக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் குறுக்குநாட்டு ஓட்டத்துக்கு ஆள் போதவில்லையென்று பிடித்துச் சேர்க்கப்பட்டவள், இரண்டே பருவத்தில் மற்றப் பிள்ளைகள் அவள் முதுகை மட்டும் பார்க்கும்படி ஓடத் தொடங்கினாள். அவளோடு பயிற்சிக்குப் போய்ப் போய்த்தான் லிஃப்ட் திருத்தும் வேலையில் முழங்கால் தேய்ந்திருந்த அருந்தவனும் ஓடப் பழகினான். சனிக்கிழமைக் காலைகளில் கிரான்பர்ன் பூங்காவைச் சுற்றி அவர்கள் ஓடுவார்கள். அவள் ஒரு சுற்று முடித்துப் பின்னால் வந்து அவனைத் தாண்டும்போது "ஹலோ அங்கிள்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போவாள். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று அவன் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறான். ஒரு நாளில் நின்றதல்ல அது. முதலில் சோற்றை விட்டாள். பிறகு பாண். பிறகு எல்லோரும் மேசையில் இருக்கும்போது தனக்குப் படிக்க இருக்கிறதென்று மேலே போனாள். வீட்டில் யாரிடமும் அதற்கு ஒரு பெயர் இருக்கவில்லை. டயட் என்றார்கள், பரீட்சை ரென்ஷன் என்றார்கள். சங்கரி நாவூறு என்று சொல்லி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். டாண்டினோங் ரயில் நிலையத்தின் படிக்கட்டில் ஆரபி மயங்கி விழுந்த பிறகுதான் டொக்டர் ஒருவர், இது உணவை மறுக்கவைக்கும் ஒரு மனநோய் என்று அந்தப் பெயரைச் சொன்னார். அருந்தவன் காரில் வந்து உட்கார்ந்து அதை மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தான்.

உணவு ஆலோசகராக வந்தவர் பார்கவி என்ற சென்னைப் பெண். "அவ அடம் பிடிக்கிறான்னு மட்டும் நினைச்சுடாதீங்க சார்," என்று முதல் நாளே சொன்னார். "நீங்க ஒருத்தர்கிட்ட பேசறீங்கன்னு நினைக்கறீங்க. அங்க ரெண்டு பேர் இருக்காங்க." அருந்தவன் தலையாட்டினான். விளங்கவில்லை.

மருத்துவமனையில் கட்டில் ஒன்று கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பதினெட்டு வயதானவளை அவள் சம்மதமில்லாமல் இப்போதைக்குச் சேர்க்க முடியாது என்றார்கள். ஆரபி மாட்டேன் என்றாள். சங்கரி அழுதாள், கெஞ்சினாள், ஒரு நாள் கை ஓங்கவும் போனாள். ஆரபி சுவரைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்றாள். பிறகு ஒரு பின்னேரம் அருந்தவன் கராஜில் வேலைச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள்.

"நான் போறன் அப்பா. செவ்வாய்க்கிழமை. பட் ஒரு கொண்டிஷன்."

"என்ன?"

"ரேஸர்பேக். அதை ஒருக்கா ஓடவேணும். அதுக்குப் பிறகு அவங்கள் என்னை எப்ப ஓட விடுவாங்களோ தெரியாது."

மலையின் முதுகெலும்புபோல நீண்டு கிடக்கும் அந்த முகட்டின் படம் அவளுடைய அறைச் சுவரில் பள்ளிக்காலத்திலிருந்தே இருந்தது. டொக்டர் நடக்கலாம் என்றிருந்தார். ஓடக்கூடாது, ஏறக்கூடாது. அருந்தவன் அன்றிரவு முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஒரு பக்கம் ஒரு மலை, மறுபக்கம் ஒரு கட்டில். சங்கரியிடம் சொன்னால் அவள் விடமாட்டாள். விடாவிட்டால் செவ்வாய்க்கிழமையும் இல்லை. விடியும்போது அவன் தனக்கு ஒரு வழி செய்துகொண்டான். ஓட விடமாட்டேன். நடந்து போவோம். நான் கொடுப்பதை வழியில் மூன்று இடத்தில் அவள் சாப்பிடவேண்டும். நான் திரும்பு என்றால் திரும்பவேண்டும். இதைச் சொன்னபோது ஆரபி வியாபாரம் முடித்தவள்போலக் கையை நீட்டினாள். குளிர்ந்துபோன கை. வீட்டுக்குள் இருக்கும்போதே அப்படிக் குளிர்ந்திருந்தது.

தடம் உயர்ந்த மரங்களுக்குள்ளால் வளைந்து வளைந்து ஏறியது. ஈரமான பன்னச் செடிகள் இரண்டு பக்கமும் காலில் உரசின. முதல் வளைவு வரைக்கும் ஆரபி நடந்தாள். இரண்டாவதில் சின்ன அடிகளாக வைத்து ஓடத் தொடங்கினாள். மண்ணில் சத்தமே எழவில்லை.

"நடக்கிறதெண்டுதானே கதைச்சனாங்கள்?"

"திஸ் இஸ் வோக்கிங், அப்பா."

"பிள்ளை."

அவள் நடந்தாள். அடுத்த வளைவில் மறைந்தவுடன் மறுபடி ஓடினாள். அவனுக்கு அது தெரிந்தது. வளைவைத் திரும்பும்போதெல்லாம் அவள் இருக்கவேண்டிய இடத்தைவிட எப்போதும் தூரத்தில் இருந்தாள். கூப்பிடலாம். கூப்பிட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் எல்லாம் முறிந்துபோகும். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக நடந்தான். முழங்கால் அதற்குள்ளேயே முறுகத் தொடங்கியிருந்தது. முன்னால் போகிறவளின் பின்கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனான். தலைமுடியை உயர்த்திக் கட்டியிருந்ததால் கழுத்தின் எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன.

காட்டின் நடுவில் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் முதல் தரிப்பு. நிலக்கடலை அரைத்த கச்சான் பட்டர் பூசிய பாணை நான்காக வெட்டிக் கொண்டுவந்திருந்தான். ஒரு துண்டை அவளிடம் கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றைக் கடித்தான். ஆரபி அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாக்காதேங்கோ அப்பா. நீங்க பாத்தா என்னால சாப்பிட ஏலாது."

அவன் திரும்பிக் காட்டைப் பார்த்தபடி நின்றான். மேலே எங்கேயோ கறுப்புப் பறவை ஒன்று நீளமாகக் கூவிற்று. பின்னால் பையின் ஜிப் இழுபடும் சத்தம். தண்ணீர்ப் போத்தல் திறக்கும் சத்தம். "ஓகே," என்றாள் ஆரபி. அவன் திரும்பியபோது கை வெறுமையாக இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. நம்ப விரும்பினான். அவ்வளவுதான்.

மரங்கள் குட்டையாகி, முறுகிய ஸ்னோ கம் யூகலிப்டஸ் மரங்கள் வரத் தொடங்கியபோது குடில் தெரிந்தது. ஏறி வருகிறவர்கள் தங்குவதற்கான கல்லும் மரமுமான சின்னக் குடில். வெளியே அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் மேற்குப் பக்கம் கையைக் காட்டினாள். பஃபலோ மலைக்கு மேல் மேகம் சாம்பல் நிறமாக ஒரு சுவர்போல எழும்பியிருந்தது. பின்னேரம்தான் வரும் என்று சொன்ன காற்று முந்திக்கொண்டு வருகிறது, தானாக இருந்தால் வந்த வழியால் இறங்குவேன் என்றாள். சொல்லும்போது அவள் பார்வை ஆரபியின் கால்களில் விழுந்து, மரியாதைக்காக உடனே விலகியதை அருந்தவன் கவனித்தான்.

இரண்டாவது தரிப்பு இங்கேதான். ஆரபி அதையும் அவன் முதுகுக்குப் பின்னால் முடித்திருந்தாள். 

"சரி, திரும்புவம்," என்றான்.

"வாட்? முகடு அங்க தெரியுது அப்பா. அதோ."

"காத்து வருது. அவ சொன்னதைக் கேட்டனிதானே."

"ஒரு மணித்தியாலம். நான் ஓடினா அதுக்கும் குறைய. யூ ப்ரொமிஸ்ட்."

"நான் திரும்பு எண்டா திரும்புறது எண்டதும் ப்ரொமிஸ்தான்."

ஆரபி அவனைப் பார்த்தாள். கன்னத்தின் எலும்புகளுக்கு மேல் அந்தக் கண்கள் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிந்தன. கோபமாக இருந்தாலாவது அவனுக்குப் பழக்கமான முகமாக இருந்திருக்கும். அவள் மிக அமைதியாக இருந்தாள்.

"அப்ப நானும் செவ்வாய்க்கிழமை போகத் தேவையில்லை."

சொல்லிவிட்டு ஓடினாள். இந்தத் தடவை ஒளித்து ஓடவில்லை. மஞ்சள் ஜாக்கெட் புல்வெளியைத் தாண்டி, முகட்டுப் பாதை பிரியும் இடத்தில் திரும்பி, சரிவில் இறங்கி மறைந்தது. அருந்தவன் பெயரைச் சொல்லிக் கத்தினான். கூடாரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஓடத் தொடங்கினான்.

ரேஸர்பேக் முகடு அப்படியொன்றும் அகலமானதல்ல. ஒரு ஆள் நடக்கும் தடம், இரண்டு பக்கமும் சரிவு. வலது கைப்பக்கம் அவர்கள் ஏறி வந்த பள்ளத்தாக்கு, கீழே நூல்போல வீதி. இடது கைப்பக்கம் நீலநீலமாக மலைகளுக்குப் பின்னால் மலைகள். நல்ல நாளில் ஒருவன் இங்கே நின்று கைகளை விரித்துப் படம் எடுப்பான். அருந்தவன் தடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினான். காற்று வலப்பக்கத்திலிருந்து தோளில் இடித்து அவனைத் தடத்திலிருந்து தள்ளியது. தூரத்தில் ஒவ்வொரு மேட்டிலும் மஞ்சள் புள்ளி ஏறித் தெரிந்தது, பிறகு இறங்கி மறைந்தது. அவள் அழகாக ஓடினாள். அந்த நிலையிலும் அவன் மனதில் அது பட்டது. பட்டதை நினைத்து அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மேகம் மேலிருந்து இறங்கவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தது. முதலில் வீதி போயிற்று, பிறகு சரிவில் நின்ற மரங்கள், பிறகு அவனுடைய சப்பாத்துக்கு அப்பால் எல்லாமே. மழை பக்கவாட்டில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அது மழையுமில்லை, நொருங்கிய ஐஸாகக் கன்னத்தில் குத்தியது. "ஆரபீ!" என்று கத்தினான். சத்தம் வாயைவிட்டு வெளியே வந்தவுடனேயே காற்று அதை மறுபக்கப் பள்ளத்துக்குள் எறிந்தது. இரண்டு தடவை தடம் பிரிவதுபோலத் தெரிந்த இடங்களில் நின்றான். மண்ணில் புதிதாகப் பதிந்த சப்பாத்து அடையாளத்தைத் தேடினான். ஒன்றில் இருந்தது. மற்றதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தடத்திலிருந்து விலகி, பழைய காட்டுத்தீயில் செத்து வெளிறிப்போன ஸ்னோ கம் மரங்களுக்கு நடுவே நின்றாள். காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு. ஜாக்கெட்டின் ஜிப் பாதி திறந்திருந்தது. தலைக்கட்டு அவிழ்ந்து முடி முகமெல்லாம் ஒட்டியிருந்தது. இன்னும் சில அடி தள்ளினால் சரிவு. அருந்தவன் ஓடிப்போய்ப் பிடித்தபோது யார் என்று பார்ப்பதற்கே அவளுக்கு நேரம் எடுத்தது.

"இஞ்ச பாதை முடியுது," என்றாள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "இருப்பம் அப்பா. கொஞ்சம் படுப்பம்."

"படுக்கக்கூடாது. வா."

பாறை ஒன்றின் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனான். இழுப்பதற்குப் பாரமே இல்லை, அதுதான் அவனை உலுக்கியது. பையிலிருந்து காய்ந்த கம்பளிச் சட்டையை எடுத்து ஈரமான ஜாக்கெட்டைக் கழற்றி மாற்றினான். வெள்ளித்தாள்போன்ற அவசரப் போர்வையைச் சுற்றினான். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. அதன் மேல் தானே உட்கார்ந்து அவளைத் தன் மடிக்குள் இழுத்துக்கொண்டான். கையுறையைத் தேடி அவளுடைய ஜாக்கெட் பையைத் துழாவினான். கையுறையோடு சேர்ந்து கடதாசித் துணியில் சுற்றிய ஏதோ வந்தது. பாண் துண்டுகள். நசுங்கி, நனைந்து. காலையில் கொடுத்ததும் குடிலில் கொடுத்ததும் அப்படியே இருந்தன.

அவனுக்குள் ஏதோ விட்டுப் போயிற்று.

"என்னடி இது?" பதினெட்டு வருடத்தில் அவளை அவன் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. "என்னடி இது? கொம்மாவுக்குப் பொய் சொல்லி உன்னை இஞ்ச கொண்டு வந்தனான். சாகிறதெண்டா சொல்லு. சொல்லிப்போட்டுச் சா. ஏன் எங்களை வைச்சு விளையாடுறாய்?"

ஆரபியின் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. அவன் வாயைப் பொத்திக்கொண்டான். சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது. தொலைபேசியை எடுத்தான். வழியில் காட்டுக்குள் இல்லாத சிக்னல் இங்கே ஒரு கோடு இருந்தது. அவசர உதவி இலக்கம், ட்ரிப்பிள் ஸீரோ. ஒரு பெண் குரல் இடம் கேட்டது, வயது கேட்டது, பேசுகிறாளா, விழுங்குகிறாளா என்று கேட்டது. மகளுக்கு என்ன நோய் என்று அவன் சொன்னான். வெளி ஆள் ஒருவரிடம் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தக் குரல் சின்னதாக ஒரு கணம் நின்று, பிறகு இன்னும் மெதுவாகப் பேசியது. நித்திரை கொள்ள விடாதீர்கள். விழுங்க முடிந்தால் இனிப்பாக ஏதாவது கொடுங்கள். ஹெலிகொப்டர் இந்த மேகத்துக்குள் வராது. முகட்டின் மறுமுனையில் இருக்கும் வீதியிலிருந்து ஆட்கள் நடந்து வருவார்கள். நேரம் எடுக்கும்.

மூன்றாவது தரிப்புக்கென்று வைத்திருந்த ரின்பால், இனிப்பான கட்டிப்பால், பையில் இருந்தது. ஓடுகிறவர்கள் கொண்டு போவதுபோல ட்யூப்பில் அடைத்தது. சின்ன வயதில் அவள் குசினி லாச்சியைத் திறந்து களவாகப் பிதுக்கித் தின்ற சாமான். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து அவள் உதட்டருகே பிடித்தான். உதடுகள் பூட்டியது பூட்டியபடி இருந்தன.

அவன் குரலைத் தாழ்த்தினான். நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு கதவுக்கு வெளியே நின்று கதைக்கும் குரல் அது. பதறுகிறவர்களை வேறு எதையாவது பேசவைத்து அமைதியாக்கும் குரல். "சரி பிள்ளை. ஒரு பிரச்சினையும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில ஆக்கள் வந்திடுவினம். உமக்கு ஞாபகமே, அண்டைக்குப் பூங்காவில..."

"டோன்ட் யூஸ் யுவர் லிஃப்ட் வொய்ஸ்."

குரல் மெல்லியதாக வந்தாலும் அது ஆரபியின் குரல்தான். அருந்தவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் தலையை நெஞ்சோடு அழுத்தினான். ஐஸ் போர்வையின் மேல் படபடவென்று விழுந்தது.

"ஒரு வாய் குடிச்சிடு குஞ்சு. ஒரே ஒரு வாய். குடிக்கிறியே?"

"இல்லை."

"எனக்காக."

"கேக்காதேங்கோ." கண்களை மூடிக்கொண்டு சொன்னாள். ஒவ்வொரு சொல்லையும் எங்கேயோ ஆழத்திலிருந்து தூக்கி எடுப்பதுபோல. "நீங்க கேட்டா அது வேண்டாம் எண்டு சொல்லுது அப்பா. ஒவ்வொருக்காவும் அதுதான் சொல்லுது. எனக்கு முந்தி சொல்லுது. நான் இல்லை."

அவன் ட்யூப்பை அவள் உதட்டருகிலிருந்து எடுத்தான்.

"எனக்குப் பசிக்குது," என்றாள். "சரியாப் பசிக்குது. பட் ஐ காண்ட். என்னால ஏலாது. கேக்காமத் தாங்கோ."

அவன் கேட்கவில்லை. ட்யூப்பைப் பிதுக்கி விரலில் எடுத்தான். குளிரில் அது மெழுகுபோல் இறுகியிருந்தது. பால் பல் முளைத்த காலத்தில் சோற்றை மசித்து வைத்ததுபோல உதட்டின் இடுக்கில் வைத்தான். ஆரபியின் முகம் வலியில் சுருங்குவதுபோலச் சுருங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. அவன் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை. இன்னொரு விரல். அவள் முகத்தைத் திருப்பினாள், காத்திருந்தான், திரும்பி வந்தாள். இன்னொன்று. ஒருமுறை அவன் விரலைக் கடித்தாள். வேண்டுமென்றா குளிரிலா என்று தெரியவில்லை. அவன் விரலை இழுக்கவில்லை.

ட்யூப் பாதியளவு குறைந்த பிறகு சங்கரியை அழைத்தான். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. ஆறு இல்லை, மலை என்றான். எங்கே நிற்கிறோம் என்றான். ஆட்கள் வருகிறார்கள், பேசுகிறாள் என்றான். மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தான்.

"சங்கரி, நீர்..."

"வாறன்," என்றாள் சங்கரி. அவ்வளவுதான்.

மறுபடி ட்ரிப்பிள் ஸீரோவிலிருந்து அழைப்பு வந்தது. நடக்க முடிந்தால் தடத்தை விடாமல் வீதிப் பக்கமாக மெதுவாக வரச் சொன்னார்கள், உட்கார்ந்தே இருந்தால் குளிர் கூடும். ஆரபியின் நடுக்கம் இப்போது கூடியிருந்தது. அது நல்லது என்றது அந்தக் குரல். எழுப்பி நிறுத்தினான். போர்வையைச் சட்டைக்குள் செருகி, இடுப்பில் தன் பை வாரைக் கட்டி, அதன் மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டான். ஓட்டமில்லை, நடையுமில்லை. ஒரு அடி, பிறகு இன்னொன்று. மேடு வந்த இடங்களில் முதுகில் கை வைத்துத் தள்ளினான். நின்ற இடங்களிலெல்லாம் கேட்காமல் விரலை நீட்டினான். சில இடங்களில் அவள் வாயைத் திறந்தாள். சில இடங்களில் திறக்கவில்லை. ஒரு இடத்தில் குனிந்து எல்லாவற்றையும் சத்தியெடுத்தாள். அருந்தவன் அவள் முடியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றான். குளிரினால் வந்ததா, அவளுக்குள் இருந்து வேண்டாம் என்று சொல்லும் அது செய்த வேலையா என்று அவனுக்குத் தெரியவில்லை. பார்கவி சொன்ன இரண்டு பேரும் இப்போது அந்த வாரின் மறுமுனையில் நடந்துகொண்டிருந்தார்கள். எவர் எந்த அடியை வைக்கிறார் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

மீட்புக் குழுவின் செம்மஞ்சள் கோட்டுகள் மேகத்துக்குள் முதலில் சத்தமாகத்தான் வந்தன. விசில். பிறகு விளக்கு. இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும். அந்தப் பெண் ஆரபிக்கு முன்னால் மண்டியிட்டு, தன் கழுத்துத் துணியைக் கழற்றி அவள் கழுத்தில் சுற்றி, "ஹலோ டார்லிங், கஷ்டமான நாள் போல," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஆரபி தலையாட்டினாள். அருந்தவனின் கையில் சுற்றியிருந்த வாரை யாரோ மெதுவாகப் பிரித்தெடுத்தார்கள். விரல்கள் விரியவில்லை. அவர்கள்தான் விரித்தார்கள்.

பள்ளத்தாக்கின் கீழேயிருந்த சின்ன மருத்துவமனையில் அவளைச் சூடான போர்வைகளுக்குள் வைத்து, கையில் ஊசி ஏற்றி, நெஞ்சில் வயர்கள் ஒட்டினார்கள். இதயத் துடிப்பைக் காட்டிய திரையை டொக்டர் நெடுநேரம் பார்த்தார். அவர் இளம் வயதுக்காரர். இன்றிரவு இங்கே, காலையில் மெல்பேர்னுக்கு அனுப்ப முயற்சிப்போம் என்றார். பிறகு அருந்தவனைத் தனியாக அழைத்து, ஏன் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டார். திட்டவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். அருந்தவன் தொடங்கினான், ஒரு வாக்கியத்தில் நின்றான், அதற்குமேல் போகவில்லை. டொக்டர் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

திரும்பி உள்ளே வந்தபோது ஆரபி விழித்திருந்தாள்.

"அங்க நான் கத்தினது," என்றான். "நான்..."

"தெரியும்." முகத்தைத் திருப்பிக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை எனக்கு இப்பவும் போக விருப்பமில்லை," என்றாள். "ஐ ஜஸ்ட் வோன்ட் யூ டு நோ. நான் மாறிட்டன் எண்டு நினைக்காதேங்கோ."

"நினைக்கேல்லை."

"அம்மா வாறாவே?"

"ஓம்."

"கோபமோ?"

அவன் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டான். யன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. மேகம் இன்னும் மலையில் பாதிவரை இறங்கித் தொங்கியது. முகடு இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது.

வெளிச்சம் மங்குவதற்கு முன் சங்கரி வந்தாள். கார்க் கதவு அடிபட்ட சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்தது. தாழ்வாரத்துக்குப் போய் நின்றான். வேலைக்குப் போகும் கறுப்புக் காற்சட்டையும் வீட்டில் போடும் செருப்பும், மேலே அவனுடைய பழைய மழைக்கோட்டும். வழி முழுக்க எங்கும் நிற்காமல் ஓட்டி வந்திருக்கிறாள். கண்கள் சிவந்து, வறண்டு இருந்தன. அவன் வாயைத் திறந்தான். அவள் அவனைப் பார்த்தாள், ஒரு கதவைத் தாண்டிப் போகிறவள்போல அவனைத் தாண்டிப் போனாள்.

அவன் உள்ளே போகவில்லை. கதவின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். தாதி அப்போதுதான் தட்டைக் கொண்டுவந்து கட்டில் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வாட்டிய பாண் இரண்டு துண்டு, பட்டர், மூடியிட்ட கோப்பை. சங்கரி கதிரையில் உட்காரவில்லை. செருப்போடு கட்டிலில் ஏறி மகளுக்குப் பின்னால், தலையணைக்கும் அவளுக்கும் இடையே உட்கார்ந்தாள். ஆரபியின் ஈரம் காயாத முடியைப் பிரித்து, அதில் சிக்கியிருந்த சருகுகளையும் சின்னச் சுள்ளிகளையும் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். எடுத்ததை வைக்க இடமில்லாமல் தட்டின் ஓரத்தில், பாணுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளிறிய ஒரு இலை. முறுகிய ஒரு குச்சி. இன்னொரு இலை. பாணின் மேல் பட்டர் உருகிப் பளபளத்தது. ஆரபியின் கை, ஊசி குத்தியிருந்த கை, போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்து தட்டின் விளிம்பு வரை போயிற்று. அங்கே நின்றது.